மடி சுரந்த சொற்கள்

ஆங்கில அகராதியில் ‘ஃபெர்டைல்’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடினால் ‘ஃபெக்கண்ட்’ என்று இருக்கும். சரி, அது என்னவென்று பார்த்தால் மறுபடி ‘ஃபெர்டைல்’ வாசலிலேயே கொண்டுவந்து விடும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பிள்ளை பெறும் உடல்திறன் அவர்களுக்கு ஃபெகண்டிட்டி. உள்ளபடி பிறந்த பிள்ளைகளின் கணக்கு ஃபெர்டிலிட்டி. பிள்ளையே வேண்டாமென்று இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது பூஜ்யம். மக்கள்தொகை குறையாமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சுமார் 2.1 குழந்தைகள் வேண்டும் என்கிறார்களே, அது ஃபெர்டிலிட்டிக் கணக்கு. அந்தப்படி பார்த்தால் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ‘ஃபெர்டிலிட்டி சென்டர்’ போர்டுகளை எல்லாம் மாற்றி எழுதவேண்டும். மருத்துவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் திறனையே ஃபெர்டிலிட்டி என்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்களோ இதே இரண்டு சொற்களைத் தலைகீழாக வைத்துக்கொண்டார்கள்: பிறந்த கணக்குக்கு ‘ஃபெகோந்தித்தே’, திறனுக்கு ‘ஃபெர்த்திலித்தே’. துறைக்காரர்கள் பின்னால் உட்கார்ந்து போட்டுக்கொண்ட பாகப்பிரிவினைதான் இது.

பிறப்பில் இரண்டும் லத்தீன். ‘ஃபெர்டைல்’ சுமத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது; நிலம் விளைச்சலைச் சுமக்கிறது, மரம் காயைச் சுமக்கிறது. ‘ஃபெக்கண்ட்’ பாலூட்டும் வேரைச் சேர்ந்தது. பெண்ணைக் குறிக்கும் ‘ஃபெமினா’வும் மகனைக் குறிக்கும் ‘ஃபிலியுஸ்’சும் அதன் பங்காளிகள்.

பால் இன்னொரு சொல்லிலும் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ‘எக்ஸூபரன்ட்’ என்றால் இன்று துள்ளும் உற்சாகம். அதற்குள் இருப்பது லத்தீன் ‘ஊபெர்’, அதாவது மடி. (வாடகைக் கார் கம்பெனியின் பெயர் ஜெர்மன் சொல், உறவில்லை.) மாட்டு மடியைக் குறிக்கும் ஆங்கில ‘அடர்’ரும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். கன்று ஈன்ற பசுவுக்கு மடி கனத்து, கறக்க ஆள் வருமுன்பே காம்பிலிருந்து தானாகச் சொட்டுமே, அந்தப் பெருக்கம்தான் சொல்லின் பழைய பொருள். வளமான மண்ணையும் ரோமானியர் ‘ஊபெர்’ என்றே சொன்னார்கள். 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பன் பங்குச்சந்தையின் கண்மண் தெரியாத ஏற்றத்தை ‘எக்ஸூபரன்ஸ்’ என்றுதான் குறித்தார். மறுநாள் உலகச் சந்தைகள் சரிந்தன. மடியில் பால் வற்றிய கதை.

‘ப்ரோலிஃபிக்’ சற்று வயிற்றெரிச்சல் கலந்த சொல். வருஷத்துக்கு நாலு நாவல் போடுகிறவரை அப்படிப் பாராட்டும்போது லேசான கிண்டலும் ஒட்டிக்கொள்கிறது. அதன் வேர் சந்ததி என்னும் பொருளுள்ள ‘ப்ரோலெஸ்’. ரோமின் குடிக்கணக்கில் சொத்தில்லாதவர்களுக்கு ‘ப்ரோலெத்தாரி’ என்று பெயர். அரசுக்கு அவர்களால் தரமுடிந்தது பிள்ளைகளை மட்டும்தான். பாட்டாளி வர்க்கத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கும் பெயர் இதுவே.

எனக்குப் பிடித்த சரித்திரம் ‘காப்பி’யினுடையது. குடிக்கிறது இல்லை, நகல். லத்தீனில் ‘கோப்பியா’ என்றால் மிகுதி. ஆங்கில ‘கோப்பியஸ்’ அந்தப் பொருளை விடவில்லை. ஒன்றை எழுதியெடுத்துக்கொள்ள வசதி தருவதற்கும் இடைக்கால எழுத்தர்கள் ‘கோப்பியா’வையே ஆண்டார்கள், அந்த வழியில் அது பிரதியாயிற்று. பழைய பொருளும் உடனே சாகவில்லை. 1512இல் அறிஞர் எராஸ்மஸ், லண்டன் செயின்ட் பால் பள்ளிக்காகச் சொல்வளம் பற்றி எழுதிய பாடநூலின் பெயரிலேயே ‘கோப்பியா’ இருக்கிறது. உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்ற ஒற்றை வாக்கியத்தை அதில் நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி மாற்றி எழுதிக் காட்டுகிறார். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பையன்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த ‘கோப்பியா’ அது. இன்று பள்ளிக்கூடத்தில் ‘காப்பி’ அடித்தால் பரீட்சை ஹாலைவிட்டு வெளியே அனுப்புகிறார்கள்.