ஒண்ணுமில்ல, எந்திரி

பிளஸ் டூ படிக்கும்போது ஒரு கபடிப் போட்டியில், ரெய்டு வந்தவளைப் பிடிக்கப் பாய்ந்தேன். அவள் முழங்கால் என் பொட்டில் இடித்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, “ஒண்ணுமில்ல, எந்திரி” என்றார்கள். எழுந்து ஆடினேன். எத்தனை புள்ளியில் தோற்றோம் என்பது எனக்கு நினைவில் இல்லை. அடுத்த ஒரு மாதம் தலைவலி, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், காரணமில்லாத அழுகை. வீட்டில் வயசுக் கோளாறு என்றார்கள்.

அது கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வாக இருந்திருக்கும் என்பது பதினைந்து வருடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்கு மண்டை உடைய வேண்டியதில்லை. மயங்கி விழவும் வேண்டியதில்லை. தலை சட்டென்று குலுங்கும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபட்டு அதன் வேலை தடுமாறுகிறது. வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடிபட்டவர் சொல்வதைத்தான் பெரிதும் நம்பியாக வேண்டும். யார் சொன்னதை நம்பினார்கள் என்று தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

1928இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தைப் பற்றி ‘பஞ்ச் டிரங்க்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். குத்து வாங்கியே போதையேறியவர் என்று பொருள். சண்டை பார்க்கப் போகிறவர்கள் ஏற்கெனவே புழங்கிய சொல்தான் அது. இதே மார்ட்லண்ட்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு, கடிகார முகப்பில் ரேடியம் பூசி நோயுற்ற தொழிற்சாலைப் பெண்களை ஆராய்ந்தவர். ஆனால் தலையில் விழும் அடி என்றதும் மருத்துவம் பார்த்தது மேடையேறிய ஆண்களை. வீட்டுக்குள் அடிபட்டவர்களுக்கு நடுவர் உண்டா, பார்வையாளர் உண்டா?

1990இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. கணவனிடம் அடிபட்டு வாழ்ந்த ஒரு மூதாட்டியின் மூளையில், குத்துச்சண்டை வீரர்களுக்கு வருவது போன்ற சேதத்தைப் பார்த்து எழுதியது. இடையில் 62 ஆண்டுகள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, “உங்க பாட்டியும் கடைசில யாரையும் அடையாளம் தெரியாமத்தானே போனா” என்றார். பாட்டியின் மூளையை யாரும் பார்க்கவில்லை. அதனால் இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

விளையாட்டுக்களத்துக்கு வருவோம். 2001இல் வியன்னாவில் நிபுணர்கள் கூடினார்கள்; 2004 பிராக் கூட்டத்திலிருந்து ‘ஸ்கேட்’ என்ற மதிப்பீட்டுப் படிவம் பிறந்தது. இப்போது புழங்குவது 2023இல் வெளியான ஸ்கேட் 6. இது எந்த மைதானம், கடைசிப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டத்தில் ஜெயித்தீர்களா என்று கேட்பார்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள். பிறகு 22 அறிகுறிகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். தலைவலியும் கண்கூச்சமும் இருக்கும் அதே பட்டியலில் சோர்வு, எரிச்சல், சோகம், பதற்றம், வழக்கத்தைவிட உணர்ச்சிவசப்படுதல் எல்லாம் இருக்கின்றன. பெண் சொன்னால் குணம் என்று தள்ளிவிடும் அத்தனையும் மருத்துவ அறிகுறிகளாக அங்கே நிற்கின்றன. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

படிவமும் நமக்காக வெட்டித் தைத்ததல்ல. மைதானக் கேள்விகள் 1990களில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆண்களிடம் சோதிக்கப்பட்டவை. கன்கஷன் வழிகாட்டல்களுக்கு அடிப்படையான ஆய்வுகளை 2022இல் எண்ணிப் பார்த்தபோது, பங்கேற்றவர்களில் சுமார் 80 சதவீதம் ஆண்கள். சுமார் 40 சதவீத ஆய்வுகளில் ஒரு பெண்கூட இல்லை. அதே ஆஸ்திரேலியக் கால்பந்தின் பெண்கள் லீக் 2017இல்தான் தொடங்கியது. முதல் ஆண்டே கோப்பை வென்ற அடிலெய்ட் அணியில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன் 2022இல், 28 வயதில் இறந்தார். தொடர்ந்து விழும் அடிகளால் மூளை சிதையும் சி.டி.இ. நோய் அவருக்கு இருந்தது 2023இல் தெரியவந்தது. தொழில்முறை வீராங்கனை ஒருவரிடம் அது உறுதியானது அதுவே முதல்முறை. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் அந்த நோய் உறுதியாகும்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். போன மாதம் ஒருத்தி தலை இடித்து விழுந்தாள். “கடைசிப் புள்ளி யாருடி எடுத்தா?” என்றேன். என்னையே பார்த்தாள். “நல்லாத்தான்க்கா இருக்கேன், ஆடறேன்” என்றாள். உட்கார வைத்துவிட்டு அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். மாற்று ஆள் கிடையாது. ஆறு பேரோடு ஆடித் தோற்றோம்.