தெளிந்த கண்ணின் இருள்

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தையை நம் வட்டத்து அன்பர்கள் அனைவரும் அறிவர். துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னர்த் தரகர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பின்னர் அதன் கண்ணுக்கு நேரே கையை வீசிப் பார்ப்பார். இமை கொட்டினால் பார்வை உண்டு. கருவிழியில் வெள்ளை தெரிந்தால் விலை இறங்கும். சந்தையில் இதற்கு மேல் ஆராய நேரமும் இல்லை, வழியும் இல்லை. மனிதர் கண்ணுக்கும் பன்னூறு ஆண்டுகள் ஏறக்குறைய இதே சோதனைதான் இருந்தது என்பதை என் ஆயாவின் கண்களிலிருந்து நான் கற்றேன்.

ஆயாவுக்கு வலக்கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. இடக்கண்ணின் கருமணியோ மாசு மறுவற்று விளங்கியது. “பூ விழுந்த கண் போனால் போகட்டும், நல்ல கண் ஒன்று இருக்கிறதே” என்பார் எங்கள் பெரியப்பா. ஆயினும் ஆயா வாசற்படியில் இடறினார். பக்கத்தில் வந்து நின்றவரைக் குரல் கேட்டே அறிந்தார். முதுமை என்று நாங்கள் விட்டுவிட்டோம். இறுதியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவர் கூறியது எங்களைத் திகைக்க வைத்தது. வெள்ளை விழுந்த கண் அறுவையால் திரும்பும். தெளிவாக இருக்கும் கண்தான் திரும்பாது. அதன் நரம்பு பட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார் அவர். அவ்வாறே ஆயிற்று. கெட்ட கண் என்று நாங்கள் கைவிட்டதைக் கொண்டே ஆயா மேலும் ஒன்பது ஆண்டுகள் அரிசியில் கல் பொறுக்கினார். நல்ல கண் என்று நம்பியது இருண்டே கிடந்தது.

கண்ணொளி குன்றியதன் காரணம் யாது என்று மருத்துவம் கேட்ட வரலாறு, வெளியே தெரிவதிலிருந்து வெளியே தெரியாததை நோக்கி நடந்த நெடும்பயணம் ஆகும். இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அப்பயணத்தில் சொல்லுக்கும் ஏட்டுக்கும் பெரும்பங்கு இருக்கிறது.

ஊர் இட்ட பெயர்கள்

கண் நோய்களுக்குத் தமிழ் இட்டுள்ள பெயர்கள் பொருள் செறிந்தவை. பூ விழுதல், புரை, படலம் ஆகியவை எதிரே நிற்பவர் நோக்கி இட்ட பெயர்கள். மாலைக்கண், வெள்ளெழுத்து ஆகியவை நோயுற்றவர் தாமே உணர்ந்து சொன்ன பெயர்கள். ஒன்று புறத்தார் கண்டது. மற்றொன்று அகத்தார் கண்டது.

ஆயினும் பெயர் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை. அம்மை, புண், காயம் ஆகியவற்றால் கருவிழியின் மேற்பரப்பில் விழும் வடுவையும் ஊரார் பூ என்பர். கண்மணிக்கு உள்ளே இருக்கும் வில்லை வெளுத்துப் புரையாவதையும் பூ என்றே சொல்வர். முன்னது கதவில் பூசிய சுண்ணாம்பு போன்றது; பின்னது கதவுக்குப் பின்னால் தொங்கும் திரை போன்றது. திரையை விலக்கும் மருத்துவம் சுண்ணாம்பை நீக்காது.

பெயர் உள்ள நோய்களின் நிலை இது. பெயரே இல்லாத நோய் ஒன்றும் இருந்தது. கண்ணின் உள்ளே ஊறும் நீர் வடிய வழியின்றி அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறுகச் சிறுகக் கருகும் நோயை இன்று கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். இதன் அமைதியான வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை, வெள்ளையும் இல்லை. பக்கப் பார்வை முதலில் குறைவதால் நோயாளியும் நெடுநாள் அறிவதில்லை. புறத்தாரும் காணாத, அகத்தாரும் உணராத அந்நோய்க்கு எங்கள் ஊர் வழக்கில் ஒரு பெயரையும் நான் கேட்டதில்லை. ஆயாவின் நல்ல கண்ணைக் கொண்டுசென்றது அதுவே.

இலக்கியத்திலும் பார்வை இழப்பு உண்டு. திருவொற்றியூரில் சபதம் மீறிய சுந்தரர் கண்ணொளி இழந்து, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். அங்கே காரணத்தில் ஐயமே இல்லை. மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) இளமையிலேயே அம்மையால் பார்வை இழந்தார். அங்கும் காரணம் வெளிப்படை. ஆனால் நம் வீதிகளில் வாழ்ந்து மறைந்த எண்ணற்றோருக்குக் காரணம் சொல்வாரில்லை. புராணத்தில் அடியவருக்கு நேர்ந்ததை எளியவர் மேலும் ஏற்றி, ‘வினை’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிட்டனர். அச்சொல் துயரத்துக்கு ஆறுதல் அளித்திருக்கலாம். ஆராய்ச்சிக்குத் தாழிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பழம் மருத்துவர் கண்ட எல்லை

நம் பழம் மருத்துவர்கள் இதனை எண்ணாதவர் அல்லர். சுசுருத சங்கிதை கண் நோய்களை 76 என வகுத்தது. நம் சித்த மருத்துவத்தின் நயனவிதி நூல்கள் 96 என்று எண்ணின. எண்ணிக்கையைக் காட்டிலும் வியப்புக்குரியது சுசுருதத்தில் காணும் எச்சரிக்கையாகும். கூரிய கருவியால் புரையைக் கண்மணியின் நேரிலிருந்து கீழே தள்ளும் சிகிச்சையை அந்நூல் விரித்துரைக்கிறது. எல்லாப் புரைக்கும் அதனைச் செய்யலாம் என்று அது கூறவில்லை. கபத்தால் விளைந்த ஒரு வகைக்கே செய்யலாம் என்று வரையறுக்கிறது. புரை பிறைவடிவாகவோ, வியர்வைத்துளி போன்றோ, முத்துப் போன்றோ தோன்றினாலும், நடுவில் மெலிந்தோ கோடு பட்டோ இருந்தாலும், வலியோ குருதிச் சிவப்போ உடன் இருந்தாலும் கருவி எடுக்கலாகாது என்பது அதன் விதி. உள்ளே என்ன நிகழ்கிறது என்று காண இயலாத காலத்தில், காணக்கூடிய குறிகளைக் கொண்டு தன் கைக்கு எல்லை கட்டிக்கொண்ட மருத்துவம் அது.

சோழநாட்டில் இம்மருத்துவம் நிறுவனமாகவும் நின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர் என அனைவருக்கும் ஊதியம் வகுக்கும் அக்கல்வெட்டு, அங்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றுள் ‘விமலை’, ‘சுநேத்திரி’ என்னும் பெயர்கள் உள்ளன. ஒன்று மாசின்மையையும் மற்றொன்று நற்கண்ணையும் சுட்டும் பெயர்கள். கண்ணுக்குரிய மருந்துகள் என்று அவற்றைக் கொள்வர். மருந்தின் பெயர் கல்லில் நின்றது. அதனை எந்தக் கண்ணுக்கு இட்டார்கள், இட்டபின் என்ன ஆயிற்று என்பது ஏட்டில் ஏறவில்லை.

ஐரோப்பாவும் அன்று இருளில்தான் இருந்தது. மூளையிலிருந்து இறங்கிய நீர் கண்மணியின் பின்னே உறைவதே புரை என்று அங்கே நெடுங்காலம் நம்பினர். கண்ணின் வில்லையே வெளுத்துப் புரையாகிறது என்பதை 1705இல் பிரிசோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் இறந்த வீரர் ஒருவரின் கண்ணை அறுத்துக் காட்டினார். வெளியே குறியேதும் இல்லாமல் பார்வை போன கண்களுக்கோ ‘அமரோசிஸ்’ என்று கிரேக்கப் பெயரிட்டு ஒரே கூடையில் போட்டனர். இருளடைதல் என்பதே அதன் பொருள். நோயாளி சொன்னதையே கிரேக்கத்தில் திருப்பிச் சொன்னதைத் தவிர அதில் விளக்கம் ஏதும் இல்லை.

தஞ்சையின் ஏடுகள்

இந்நிலையில்தான் தஞ்சை நம் நினைவுக்கு வர வேண்டும். 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் நடத்திய மருத்துவ நிலையத்தின் பெயர் தன்வந்திரி மகால். அங்கே மேலைமுறையில் கண் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வந்துள்ளன. 1820களைச் சேர்ந்த அவ்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நோயாளியின் நிலையும் சிகிச்சையும் அவற்றில் குறிக்கப்பட்டன. சிலவற்றில் நோயுற்ற கண்ணை ஓவியர் வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கின்றனர்.

அவ்வோவியங்களின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவி அன்று உலகில் எங்கும் இல்லை. தெரிவது எதுவோ அதனை அவர்கள் வரைந்தனர். எனினும் இன்ன நாளில் இக்கண் இவ்வாறு இருந்தது என்ற பதிவு இருந்தால்தான், மருத்துவர் எண்ணியது சரியா பிழையா என்று பின்னர் ஒப்பிட இயலும். நினைவு தனக்குச் சாதகமாகப் பேசும். ஏடு அவ்வாறு பேசாது.

அதே காலத்தில், 1819இல், சென்னையில் ராபர்ட் ரிச்சர்ட்சன் பொறுப்பில் கண் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. இலண்டனில் 1805இல் எழுந்த மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பயின்றவர் அவர். எழும்பூரில் இன்றும் இயங்கும் அரசு கண் மருத்துவமனை அதன் வழிவந்ததே. நம் புதுவையிலும் பிரெஞ்சு ஆட்சியினர் 1823இல் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர்.

உள்ளே விழுந்த ஒளி

1851இல் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணின் உட்புறத்தை ஒளி செலுத்திக் காணும் சிறு கருவி ஒன்றை வெளியிட்டார். உயிருள்ள மனிதனின் விழித்திரையும், பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டமும் அதனால் மருத்துவருக்குப் புலப்பட்டன. அமரோசிஸ் என்னும் கூடை சில ஆண்டுகளில் காலியாயிற்று. நரம்பு வெளுத்தது, குழி விழுந்தது, விழித்திரை விலகியது எனத் தனித்தனி நோய்களாக அவை பிரிந்தன. 1857இல் கிரேஃபே என்பார், கருந்திரையின் சிறுபகுதியை வெட்டி எடுத்துக் கண் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையை அறிவித்தார். காரணம் பிரிந்தது, அதன்பின்னரே சிகிச்சை பிறந்தது.

நம் நாட்டுக்கு அவ்வொளி மெல்லவே வந்தது. ஊர் ஊராகச் சென்று புரை தள்ளும் தொழிலாளர் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தனர். 1904 முதல் சென்னைக் கண் மருத்துவமனையின் தலைவராக விளங்கிய ஆர். எச். எலியட், அவர்களால் கெட்ட கண்களை ஆராய்ந்து 1917இல் இலண்டனில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார், நூலும் வெளியிட்டார். கண் அழுத்த நோய்க்குச் சிறு துளையிட்டு நீரை வடிக்கும் அறுவையை 1909இல் அறிவித்தவரும் அவரே. புரை தள்ளப்பட்ட கண்களில் அழற்சியும் அழுத்த மிகுதியும் பின்னர் விளைந்து, கிடைத்த பார்வையும் பறிபோனதை அவர் எடுத்துக்காட்டினார்.

ஊசிக்காரரை இகழ்வது எளிது. ஆனால் அவருடைய குறை கைத்திறனில் மட்டும் இல்லை. கூலி பெற்ற மறுநாள் அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். தாம் தொட்ட கண் ஆறு திங்கள் கழித்து என்ன ஆயிற்று என்று அவர் கண்டதே இல்லை. சுசுருதர் விதித்த எல்லைகள் அவரிடம் தேய்ந்து மறைந்தன. தஞ்சையைப் போன்ற ஏடும் அவரிடம் இல்லை. தம் பிழையை அறியும் வழி அற்றவருக்கு அது பிழையென்றே தோன்றாது.

மருந்து முன்னே, காரணம் பின்னே

மாலைக்கண்ணின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே மருந்து முன்னர் வந்தது. ஆட்டு ஈரலைத் திப்பிலியோடு சமைத்து உண்ணுமாறு சுசுருதமே கூறியுள்ளது. கிரேக்கரும் ஈரலையே நம்பினர். ஏன் குணமாகிறது என்பது மட்டும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் விளங்கவில்லை. 1913இல் வெண்ணெயிலும் முட்டையிலும் உள்ள வளர்ச்சிச் சத்து ஒன்று அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, பின்னர் ‘ஏ’ உயிர்ச்சத்து எனப் பெயர் பெற்றது. விழித்திரையில் அச்சத்து இருப்பதை 1933இல் ஜார்ஜ் வால்டு நிறுவினார்.

காரணம் தெரியாமலே குணம் கிட்டியதால் நட்டம் இல்லை என்று எண்ணலாகாது. மாலையில் தட்டுத் தடுமாறும் குழந்தைக்கும், கருவிழி உலர்ந்து கரைந்து ஓரிரு நாளில் குருடாகும் குழந்தைக்கும் நோய் ஒன்றே என்பது காரணம் அறிந்த பின்னரே தெளிவாயிற்று. சென்னைக் கண் மருத்துவமனையின் ஆர். ஈ. ரைட், தென்னிந்தியக் குழந்தைகளிடம் இக்கொடுமையை விரிவாக ஆராய்ந்தார். 1930களில் குன்னூர் உணவு ஆய்வுக்கூடத்தின் ஏக்ராய்டு அவருடன் இணைந்து, செம்பனை எண்ணெயால் இதனைக் குணப்படுத்த இயலும் என்று காட்டினார். 1970இல் இந்திய அரசு, சிறு குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை இச்சத்தினை வாயில் ஊற்றும் திட்டத்தைத் தொடங்கியது. ஈரலை நம்பிய வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளியைக் காத்தார். காரணத்தை அறிந்தவர்கள், வைத்தியரிடம் வரவே வழியில்லாத குழந்தைகளையும் காத்தனர்.

நம் பங்கு

மதகடிப்பட்டையும் வில்லியனூரையும் பாகூரையும் சுற்றி இன்று கண் மருத்துவத்துக்குக் குறைவில்லை. முகாம்கள் நடைபெறுகின்றன, புரை அறுவை எளிதாகிவிட்டது. அதனாலேயே ஓர் எண்ணம் ஊன்றியிருக்கிறது. கண்ணில் வெள்ளை இருந்தால் போகலாம், இல்லையேல் எதற்கு என்கிறார்கள். தரகர் மாட்டின் கண்ணைப் பார்த்த அதே பார்வை இது. கண் நீர் அழுத்த நோய் கொண்டுசென்ற பார்வையை இன்றைய மருத்துவமும் மீட்டுத் தராது. எஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும். ஆகவே அதனை முன்னரே தேடிக் காண வேண்டும். நாற்பது கடந்தவர்களும், குடும்பத்தில் ஒருவருக்கு அந்நோய் உள்ளவர்களும் குறையேதும் உணராத போதே கண்ணைக் காட்டிவர வேண்டும் என்பது இதனால்தான்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘கண் நீர் அழுத்த நோய்’ என்பது ஏட்டுச் சொல்லாகவே நிற்கிறது. பூ விழுதல் போலவும் மாலைக்கண் போலவும், களத்துமேட்டில் ஒரு கிழவி மற்றொரு கிழவியிடம் சொல்லத்தக்க சொல்லாக அது ஆகவில்லை. அத்தகைய சொல் ஒன்றை நம் வட்டம் ஆக்கித் தருமாயின், அடுத்த பத்தாண்டுகளில் நாம் செய்யும் நற்பணிகளுள் அதுவும் ஒன்றாகும். அப்படி ஒரு சொல் அன்று எங்கள் வீட்டில் இருந்திருந்தால், ஆயா படியில் இடறிய முதல் நாளிலேயே யாரேனும் அதனைச் சொல்லியிருப்பார்கள்.