வயதுவந்தோர் கல்வியும் கூட்டுமுயற்சிகளும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு

பள்ளி வயதைக் கடந்த ஒருவர் எழுதப் படிக்கக் கற்பதும், கற்றதை மறக்காமல் வளர்த்துக்கொள்வதும் வயதுவந்தோர் கல்வியின் இரு பகுதிகள். முதல் பகுதிக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பாடநூலும் போதும் என்று தோன்றலாம். இரண்டாவது பகுதிக்கு ஊராட்சி, நூலகம், மகளிர் குழு, பள்ளி, கல்லூரி, தன்னார்வ அமைப்பு, அரசுத் துறை எனப் பல கைகள் சேர வேண்டும். தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு இந்தக் கூட்டுமுயற்சியின் பலத்தைக் காட்டுகிறது. அது எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதையும் காட்டுகிறது.

மாவட்டப் பின்னணி

இரு பகுதிகளும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் உருவானது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிக்கப்பட்டு, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் தனி மாவட்டமானது. பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை முக்கியப் பயிர்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரித் தோப்புகளும் உள்ளன. இங்கே களையெடுப்புக்கும் அறுவடைக்கும் காலையிலேயே கிளம்பிவிடும் பெண்களுக்குப் பகல் வகுப்பு பயன்படாது. ஆகவே வகுப்பின் நேரத்தையும் இடத்தையும் ஊர்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 83 விழுக்காடு, பெண்களின் எழுத்தறிவு 66 விழுக்காடு. அரியலூரில் இவை முறையே 81, 62. ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் எழுத்தறியாதவராக இருந்தனர் என்பது இதன் பொருள்.

அறிவொளிக்கு முன்னும் பின்னும்

இந்திய அரசு 1978 அக்டோபர் 2-இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்காக, மையத்துக்கு ஏறக்குறைய 30 பேர் என வகுப்புகள் நடந்தன. மதிப்பூதியம் பெறும் ஒரு பயிற்றுநரை நம்பியே ஒவ்வொரு மையமும் இயங்கியது. அவர் விலகினால் மையமும் நின்றுவிடும்.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைக்கப்பட்டது. அதன்பின் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் தலைமையில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற மக்கள் அமைப்புகளும் ஊதியம் பெறாத தொண்டர்களும் சேர்ந்து செய்த வேலை அது. தமிழ்நாட்டில் இந்த முறை ‘அறிவொளி இயக்கம்’ என்ற பெயரில் பரவியது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதில் பெரும்பங்கு வகித்தது.

திருச்சிராப்பள்ளிக்கு அடுத்துள்ள புதுக்கோட்டையில் 1991–92-இல் நடந்த அறிவொளி பலராலும் பேசப்பட்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அங்கே எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். வீதி நாடகமும் பாட்டும் படிக்காதவர்களை வகுப்புக்கு அழைத்து வந்தன. கல்வி என்பது அரசுத் துறை ஒன்றின் தனிவேலை அல்ல, ஊரின் பொதுவேலை என்ற எண்ணத்தை அறிவொளி விதைத்தது.

வளர்கல்வி

புதிதாக எழுத்துக் கற்றவர் படிக்க எதுவும் கிடைக்காவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் கைநாட்டுக்குத் திரும்பிவிடுவார். இதைத் தடுக்க 1990-களின் நடுவில் தொடர்கல்வித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இது ‘வளர்கல்வி’ எனப்பட்டது. 2,000 முதல் 2,500 மக்களுக்கு ஒரு மையம், அதில் நூல்கள், செய்தித்தாள், தொழிற்பயிற்சி என்பது இதன் அமைப்பு. 1997-ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் யுனெஸ்கோ நடத்திய உலக மாநாடும் வயதுவந்தோர் கல்வியை வாழ்நாள் முழுவதற்குமான உரிமையாகப் பார்த்தது.

இதே காலத்தில் மகளிர் திட்டத்தின்கீழ் சுய உதவிக் குழுக்கள் பெருகின. குழுவுக்குச் சேமிப்புக் கணக்கும் தீர்மானப் பதிவேடும் வங்கிக் கடன் விண்ணப்பமும் உண்டு. கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதப்பட்டதைப் படிக்கத் தெரியாத உறுப்பினர், பதிவேட்டை வைத்திருப்பவரின் சொல்லை நம்பியே இருக்க வேண்டும். ஆகவே இந்தக் குழுக்கள் எழுத்தின் தேவையை அன்றாடம் உணர்த்தும் இடங்களாயின.

கற்கும் பாரதம்

2009 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில் ‘சாக்‌ஷர் பாரத்’ திட்டம் தொடங்கப்பட்டது. தமிழில் இது ‘கற்கும் பாரதம்’. 2001 கணக்கெடுப்பில் வயதுவந்த பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாக இருந்த மாவட்டங்களே இதற்குத் தேர்வாயின. அவற்றில் பெரம்பலூரும் அரியலூரும் அடங்கும். நாடு முழுவதும் 7 கோடிப் பேருக்கு எழுத்தறிவு அளிப்பதும், அவர்களில் 6 கோடிப் பேர் பெண்களாக இருப்பதும் இலக்கு.

இத்திட்டத்தில் ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு வளர்கல்வி மையம், அதற்கு இரண்டு ஊக்குநர்கள் என்பது ஏற்பாடு. பெரம்பலூரில் 121 ஊராட்சிகளும் அரியலூரில் 201 ஊராட்சிகளும் உள்ளன. இங்கே வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது:

- ஊராட்சி இடம் தந்து குழுவை நடத்தியது.
- ஊக்குநர் கற்போரைக் கண்டறிந்து மையத்தைக் கவனித்தார்.
- தன்னார்வலர் ஏறக்குறைய 10 பேருக்குக் கற்பித்தார்.
- மாநில அரசின் கல்வித் துறை மேற்பார்வை செய்தது.
- தேசிய திறந்தநிலைப் பள்ளி தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கியது.

படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண். பாட்டியும் மருமகளும் ஒரே அறையில் தேர்வெழுதக்கூடிய ஏற்பாடு இது.

அறுந்த இடம்

கற்கும் பாரதம் 2018 மார்ச்சில் முடிந்தது. ஊக்குநர்களின் மதிப்பூதியமும் அத்துடன் நின்றது. அடுத்த திட்டமான ‘கற்போம் எழுதுவோம் இயக்கம்’ வந்தது 2020-இல்தான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, எழுத்தைப் பாதி கற்றவர்களைத் தொடர்ந்து அழைக்கும் பொறுப்பு எந்தத் திட்டத்திலும் இல்லை. 1978-இல் பயிற்றுநர் என்ற ஒற்றை ஆளை நம்பி இருந்த அமைப்பு, 2018-இல் ஒற்றை நிதி வழியை நம்பி இருந்தது. கைகள் பல சேர்ந்திருந்தாலும் அவற்றைக் கட்டிய கயிறு ஒன்றாகவே இருந்தது.

2022 முதல் 2027 வரைக்கான ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’ இப்போது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடைபெறுகிறது. இது முழுக்கத் தன்னார்வலர்களைச் சார்ந்தது. வகுப்புகள் பெரும்பாலும் பள்ளிகளில் நடக்கின்றன. அடிப்படை எழுத்தறிவுடன் நிதி, சட்டம், உடல்நலம், கணினி போன்ற வாழ்க்கைத் திறன்களும் தொழிற்பயிற்சியும் தொடர்கல்வியும் இதன் கூறுகள். 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், ஊர்வாரியாகக் கற்போரைக் கண்டறிய பள்ளிகளும் தன்னார்வலர்களும் வீடு வீடாகச் செல்ல வேண்டியுள்ளது.

நிலைத்து நிற்பவை

திட்டங்கள் வந்து போகும்போதும் இம்மாவட்டங்களில் சில அமைப்புகள் நிலைத்துள்ளன. 1948-இன் பொது நூலகச் சட்டத்தின் வழிவந்த கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அவற்றில் முதன்மையானவை. அடுத்தவை மகளிர் குழுக்களும் கிராம சபையும். 1982-இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இரு மாவட்டங்களும் அடங்குவதால், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் கற்பிக்க வரலாம். இவை எந்த ஓர் எழுத்தறிவுத் திட்டத்தின் காலக்கெடுவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாறு தரும் பாடம் இதுவே. நிதியும் பாடநூலும் வெளியிலிருந்து வரலாம். ஆனால் கற்றவரின் பெயர்ப் பட்டியல், வகுப்பு நடக்கும் இடம், அடுத்துப் படிக்க வேண்டிய நூல் ஆகிய மூன்றும் ஊரில் நிலைத்திருக்கும் அமைப்பின் பொறுப்பில் இருந்தால்தான், திட்டம் முடிந்த மறுநாளும் வகுப்பு நடக்கும். 2027-க்குப் பிறகு பெரம்பலூரிலும் அரியலூரிலும் என்ன எஞ்சும் என்பது இதைப் பொறுத்தே அமையும்.