வெளிநாட்டு இணைய நிறுவனங்களும் உள்நாட்டுச் சட்டமும்: 2000 முதல் 2025 வரை

ஒரு நாடு இயற்றும் இணையப் பாதுகாப்புச் சட்டம், அங்கே அலுவலகமோ சொத்தோ இல்லாத நிறுவனத்தை எவ்வாறு கட்டுப்படுத்தும்? இக்கேள்விக்கு நாடுகள் கண்ட விடைகள் கடந்த 25 ஆண்டுகளில் எவ்வாறு மாறிவந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம் பாரிஸ் வழக்கு. யாஹூவின் அமெரிக்க ஏலத் தளத்தில் நாஜிச் சின்னங்கள் விலைபோயின. அவற்றைப் பொதுவில் காட்சிக்கு வைப்பது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். பிரெஞ்சுப் பயனர்களுக்கு அவை எட்டாதபடி தடுக்குமாறு 2000 மே மாதம் நீதிபதி ழான்-ழாக் கோமெஸ் உத்தரவிட்டார். தொழில்நுட்பம் அதற்கு இடம் தராது என்று யாஹூ வாதிட்டது. நீதிமன்றம் மூன்று வல்லுநர்களை நியமித்தது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுத்தவர்களுள் ஒருவரான விண்ட் செர்ஃபும் அவர்களில் இருந்தார். ஐ.பி. முகவரியைக் கொண்டே பிரெஞ்சுப் பயனர்களில் சுமார் 70 விழுக்காட்டினரை இனங்காண முடியும் என்று அவர்களது அறிக்கை கூறியது. நவம்பரில் நீதிமன்றம் உத்தரவை உறுதிசெய்து, மூன்று மாதங்களுக்குள் பணியாவிட்டால் நாளொன்றுக்கு 1,00,000 பிராங்க் தண்டம் என்றது.

2001 ஜனவரியில் யாஹூ அப்பொருள்களை ஏலத்திலிருந்து விலக்கியது. ஆயினும் யாஹூ தொடுத்த வழக்கில் அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம், பிரெஞ்சு உத்தரவு பேச்சுரிமைக்கு முரணானது, அமெரிக்காவில் செல்லாது என்று அறிவித்தது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் யாஹூவின் வழக்கைத் தள்ளுபடி செய்தபோது, அடிப்படைக் கேள்விக்கு முடிவான விடை கிடைக்கவில்லை.

எனவே, உள்நாட்டில் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும் என்ற நிபந்தனை அடுத்த கட்டமாக வந்தது. ஜெர்மனியின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட சமூக ஊடகங்களுக்கான இந்தியாவின் 2021ஆம் ஆண்டு விதிகளும் இவ்வழியில் சென்றன. ஆனால் நிபந்தனையை மீறுபவருக்கு நோட்டீஸ் சார்பு செய்வதே சிக்கலானது. துபாயிலிருந்து இயங்கும் செய்திச் செயலியான டெலிகிராமுக்கு அங்கே நோட்டீஸ் சேர்க்க ஜெர்மனி எடுத்த முயற்சி பலிக்கவில்லை. இறுதியில் அரசிதழில் வெளியிட்டே சார்பு செய்தது. 2022 அக்டோபரில் 51.25 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

பிரேசில் இன்னும் கடுமையான வழியைக் கையாண்டது. 2024 ஆகஸ்டில் எக்ஸ் நிறுவனம் அங்கே அலுவலகத்தை மூடி, சட்டப் பிரதிநிதியை நியமிக்க மறுத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்ஸாண்ட்ரே டி மொராயிஸ் நாடு முழுவதும் எக்ஸ் தளத்தை முடக்கினார். எக்ஸின் உரிமையாளருடன் தொடர்புடைய செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்கின் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன. பிரதிநிதியை நியமித்து, 2.86 கோடி ரியால் அபராதமும் கட்டிய பிறகே அக்டோபர் 8இல் தடை நீங்கியது.

பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் உலகளாவிய வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2025இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், அமெரிக்க இணைய விவாத மன்றமான 4சான் தளத்துக்கு 20,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதற்கு முன்பே 4சான் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆஃப்காம் மீது வழக்குத் தொடுத்திருந்தது.

இவ்வரலாறு காட்டுவது தெளிவு: நாட்டுக்குள் ஆளோ, பணமோ, சந்தை இழப்பு என்ற அச்சமோ இருந்தால்தான் உத்தரவு பலிக்கிறது, மூன்றும் இல்லாத இடத்தில் அபராதத் தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. தளத்தையே முடக்கும்போது குற்றமற்ற பயனர்களின் பேச்சுரிமையும் பறிபோகிறது. ஆகவே உள்நாட்டுப் பிரதிநிதியைக் கட்டாயமாக்க வேண்டும். விளம்பர, பணப் பரிமாற்ற வழிகளை அடைப்பதை அடுத்த படியாகக் கொள்ள வேண்டும். முடக்கத்தை நீதிமன்றக் கண்காணிப்பில் இறுதிப் படியாக மட்டுமே வைக்க வேண்டும்.