காட்சி எழுத்துரு
காட்சி எழுத்துரு என்பது வணிகப் பெயர், தலைப்பு, பெயர்ப்பலகை போன்றவற்றைப் பெரிய அளவில் அமைப்பதற்கென வடிவமைக்கப்பட்ட எழுத்துரு ஆகும். ஆசுவால்டு கூப்பர் வடிவமைத்து, 1922 இல் அமெரிக்காவில் வெளியான கூப்பர் பிளாக் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

சிறுதொழில்களின் பொட்டலங்களில் இது பொருளின் பெயருக்கே பொருந்தும். தடித்த தமிழ் எழுத்துக்களைச் சிறிதாக அச்சிட்டால் சுழிகளின் உள்வெளி மையால் அடைபடும். ண, ன ஆகியவற்றை வேறுபடுத்துவது கடினமாகும். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடலாம். எனவே, தெரிவு செய்யுமுன் பெயரை உண்மையான அளவில், பயன்படுத்தவுள்ள உறையிலேயே அச்சிட்டுப் பார்ப்பது நன்று.

உட்பொருட்கள், காலாவதி நாள் முதலியவற்றுக்கு எளிய உரை எழுத்துரு ஏற்றது. இந்தியாவில் நிகர அளவைக் குறிக்கும் எண்களின் குறைந்தபட்ச உயரத்தை, 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் வரையறுக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் சிலவற்றுக்கு வணிகப் பயன்பாட்டு உரிமம் தனியே பெறவேண்டும்.