எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ: 1919 அரங்கேற்றக் கச்சேரி

1919 அக்டோபர் 27 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வழங்கிய கச்சேரி, ஆங்கில இசை வரலாற்றில் அதிகம் பேசப்படும் தோல்விகளில் ஒன்று. எட்வர்ட் எல்கர் இயற்றிய ஈ மைனர் செல்லோ கான்செர்ட்டோ (படைப்பு எண் 85) அன்றுதான் முதன்முறையாக மேடையேறியது. செல்லோ வாசித்தவர் ஃபெலிக்ஸ் சால்மண்ட். தன் படைப்பை மட்டும் எல்கர் நடத்தினார். நிகழ்ச்சியின் மற்ற பகுதிகள் ஆல்பர்ட் கோட்ஸின் பொறுப்பில் இருந்தன. சிக்கல் தொடங்கியதே அந்தப் பங்கீட்டில்தான்.

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1904இல் உருவானது. குயின்ஸ் ஹால் இசைக்குழுவினர் தங்களுக்குப் பதில் வேறொருவரை வாசிக்க அனுப்பும் வழக்கத்துக்கு நடத்துநர் ஹென்றி வுட் தடை போட்டபோது, அதை ஏற்காமல் வெளியேறியவர்கள் தொடங்கிய குழு இது. முதலாளி கிடையாது, நிர்வாகம் கலைஞர்கள் கையில். முதல் உலகப் போரின்போது தன் சொந்தக் கச்சேரிகளை நிறுத்திவைத்திருந்த குழு, போருக்குப் பிந்தைய முதல் பருவத்தை இந்தக் கச்சேரியோடுதான் தொடங்கியது. புதிய தலைமை நடத்துநர் கோட்ஸ், ஆங்கிலேயப் பெற்றோருக்கு ரஷ்யாவில் பிறந்தவர். மரீன்ஸ்கி அரங்கில் பெயர் பெற்று, புரட்சிக்குப் பின் இங்கிலாந்து வந்திருந்தார். லண்டனில் தன் திறமையைக் காட்ட அவருக்கு இது நல்ல சந்தர்ப்பம்.

எல்கரின் நிலை வேறு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1910 நவம்பர் 10 அன்று, இதே அரங்கில் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் வாசிக்க அவருடைய வயலின் கான்செர்ட்டோ பெரும் ஆரவாரத்தோடு அரங்கேறியது. போர் அந்த உலகத்தையே கலைத்துப்போட்டது. ஆஸ்திரியரான கிரைஸ்லர் தன் நாட்டுப் படையில் சேர்ந்து காயம்பட்டார். எல்கரின் விரிந்த, ஆடம்பரமான இசை போருக்கு முந்தைய காலத்தின் மிச்சமாகப் பலருக்குத் தோன்றியது. 1918 மார்ச்சில் தொண்டையில் டான்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவந்த நாட்களில் ஒரு மெட்டை எழுதிவைத்தார். பிறகு சசெக்ஸில் பிரிங்க்வெல்ஸ் என்ற குடிசை வீட்டில் தங்கி ஒரு வயலின் சொனாட்டா, ஒரு நால்வர் இசை, ஒரு பியானோ ஐவர் இசை ஆகியவற்றை எழுதினார். அந்த மெட்டு வளர்ந்து கான்செர்ட்டோவாக 1919 கோடையில் முடிந்தது. நால்வர் இசையையும் ஐவர் இசையையும் முதன்முதலாக வாசித்தவர்களில் சால்மண்டும் ஒருவர். புதிய படைப்பின் செல்லோ பகுதியையும் அவர் எல்கரோடு உட்கார்ந்து வாசித்துப் பார்த்திருந்தார்.

அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் இந்தக் கான்செர்ட்டோவில் நான்கு பகுதிகள் உண்டு. முன்னுரை ஏதும் இன்றிச் செல்லோ தனியாகத் தொடங்குகிறது. அழுத்தமான சில சுரக்கோவைகளுக்குப் பிறகு, துணையே இல்லாமல் வியோலாக்கள் அந்தப் பழைய மெட்டை எடுக்கின்றன. இரண்டாம் பகுதியில் வில் துள்ளி ஓடுகிறது. மெதுவான மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு தாள அளவைத் தவிர மற்றெல்லாவற்றிலும் செல்லோ வாசித்துக்கொண்டே இருக்கும்.

செல்லோவுக்குக் கான்செர்ட்டோ எழுதுவது வயலினுக்கு எழுதுவதைவிடச் சங்கடமான வேலை. வயலின் மேல் சுரங்களில் ஏறி இசைக்குழுவைத் தாண்டி ஒலிக்கும். செல்லோவின் குரலோ ஹார்ன், பஸூன், வியோலா ஆகியவை உலவும் இடத்திலேயே உலவுவதால் எளிதில் அமுங்கிவிடும். எல்கர் இதற்குக் கண்ட வழி, இசைக்குழுவின் எழுத்தை மெலிதாக்குவது. டிராம்போன், ட்யூபா எல்லாம் இருந்தும் அவை பெரும்பாலும் காத்துத்தான் கிடக்கின்றன. ஆனால் மெலிதாக எழுதப்பட்ட இசையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. தனிக்கலைஞர் ஒரு சொற்றொடரை இழுத்து வாசித்தால் மற்றவர்கள் அதே கணத்தில் கூடவே போக வேண்டும். அதற்கு ஒத்திகை தேவை.

அந்த ஒத்திகைதான் கிடைக்கவில்லை. கோட்ஸ் தேர்ந்தெடுத்த பட்டியலில் ஸ்க்ரியாபினின் ‘பரவசத்தின் கவிதை’, போரோடினின் இரண்டாம் சிம்பொனி, வாக்னரின் ‘காட்டின் முணுமுணுப்புகள்’ ஆகியவை இருந்தன. ஸ்க்ரியாபின் படைப்புக்கு மட்டும் எட்டு ஹார்ன்கள், ஐந்து ட்ரம்பெட்டுகள், ஆர்கன் என்று பெரும்படையே வேண்டும். கோட்ஸ் தனக்கு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி எல்கரின் நேரத்தையும் எடுத்துக்கொண்டார். 62 வயது எல்கர், மனைவி ஆலிஸ் கோபத்தில் கொதிக்க, காத்திருந்தார். கான்செர்ட்டோவைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்றும் எண்ணினார். இத்தனை நாள் உழைத்த சால்மண்டுக்காகவே விட்டுக்கொடுத்தார்.

கச்சேரி அரைகுறையாகவே அமைந்தது. ‘அப்சர்வர்’ இதழில் எர்னஸ்ட் நியூமன் எழுதிய விமர்சனம், இவ்வளவு பெரிய குழு இவ்வளவு மோசமாக வாசித்திருக்குமா என்ற தொனியில் இருந்தது. போதிய ஒத்திகை இல்லை என்ற பேச்சு உலவியதையும் அவர் குறிப்பிட்டார். படைப்பின் மீது அவருக்குக் குறையில்லை. அதன் எளிமையையும் ஆழத்தையும் பாராட்டினார். பழி முழுவதையும் கோட்ஸ் தலையில் சுமத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால், பருவத்தின் முதல் கச்சேரியில் இத்தனை கனமான பட்டியலை ஒப்புக்கொண்ட குழு நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு.

கான்செர்ட்டோவை மீட்டவர்கள் வேறு சிலர். செல்லோ கலைஞர் பீட்ரிஸ் ஹாரிசன் எல்கரின் நடத்துதலில் முதலில் சுருக்கியும், 1928இல் மின்முறையில் முழுமையாகவும் ஒலிப்பதிவு செய்தார். அரங்கேற்ற இரவில் குழுவின் செல்லோ வரிசையில் 19 வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்: ஜான் பார்பிரோலி. இரண்டு ஆண்டுகளில் போர்ன்மவுத்தில் அவரே தனிக்கலைஞராக இதை வாசித்தார். 1965 ஆகஸ்டில், இப்போது நடத்துநராக, அதே லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 20 வயது செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயை ஒலிப்பதிவு செய்தார். கான்செர்ட்டோ உலகம் முழுவதும் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த இசைத்தட்டு வழியாகத்தான்.

சால்மண்ட் 1922இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஜூலியார்டிலும் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியிலும் ஆசிரியரானார். லியோனார்ட் ரோஸ், பெர்னார்ட் கிரீன்ஹவுஸ், ஓர்லாண்டோ கோல் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.