பூவிருந்தவல்லி முதல் பார்க் டவுன் வரை

பக்கத்தூரான சென்னீர்குப்பத்துக்காரர்கள் ‘பூந்தமல்லி’ என்றுதான் சொல்வார்கள். அலுவலகத் தாளிலோ ‘பூவிருந்தவல்லி’. வி, ரு என்னும் இரண்டெழுத்து நாவில் உதிர்ந்தன. வல்லியின் வகரம் மகரமாயிற்று. வல்லி என்றால் கொடி; பெண்தெய்வப் பெயர்களிலும் வரும். பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் தாயாரின் திருப்பெயர் புஷ்பவல்லி.

சொல் தேய்ந்தும் பூ பிழைத்ததற்கு மல்லிகையைத்தான் காரணமாகச் சொல்வேன். தெரிந்த பூ ஒன்று காதில் விழுந்ததும் ‘மல்லி’ நிலைத்துவிட்டது. செங்கழுநீர்ப்பட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது செங்கல்பட்டானதும் பூ போய்க் கல் வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ‘பூ’வுக்குப் பின் வல்லெழுத்து வந்தால் இனமான மெல்லெழுத்தும் தோன்றும்: பூங்கா, பூந்தோட்டம், பூம்பொழில். பூந்தமல்லியும் அந்த வரிசையில் சேர்ந்ததுபோலவே ஒலிக்கிறது. ஆனால் அங்குள்ள ‘ந்த’ அப்படித் தோன்றியதன்று. ‘இருந்த’ என்ற சொல்லில் எஞ்சியது. பூ இருந்ததற்கான சாட்சியம் அந்த ஓரசையில் நிற்கிறது.

யார் வளர்த்த பூ? வைணவ மரபு திருக்கச்சி நம்பியைக் காட்டுகிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்தவர். இராமாநுசர் வழிகாட்டியாகப் போற்றியவர். இங்கே நந்தவனம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டுபோய்ச் சாத்தினார் என்பார்கள். இந்திரனுடைய சோலை நந்தனம். அந்த நந்தனவனமே சுருங்கி நந்தவனமானது. சாமிக்கென்று வளர்த்த பூவை முகர்ந்து பார்ப்பதுகூடத் தவறு என்பது நம் வீடுகளில் இன்றும் இருக்கும் வழக்கம்.

‘கா’ இன்னும் பழைய சொல். ஆனைக்கா, கோலக்கா, நெல்லிக்கா எனத் தேவாரத் தலங்களே சோலைப் பெயர் தாங்கியவை. ஓரெழுத்தில் ஒரு சோலை! நம் காலத்தில் ‘பார்க்’குக்குத் தமிழ் வேண்டியபோது பூங்கா கைகொடுத்தது.

அப்படியொரு பார்க் பூந்தமல்லியின் பெயர் தாங்கிய சாலையிலேயே இருந்தது. அந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுமுனையில், சென்ட்ரலை ஒட்டி, 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியனின் முனைப்பில் உருவானது பீப்பிள்ஸ் பார்க். கடவுளுக்கல்ல, நடந்து களிக்க வரும் மக்களுக்கென்று வைத்த தோட்டம். விலங்குக் காட்சிசாலையும் அங்கே இருந்தது. சென்னை மக்கள் அதை ‘உயிர்க்காலேஜ்’ என்றார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. பிள்ளைகளோடு இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவது அன்றைய குடும்பங்களுக்குத் திருவிழா. பிறகு காட்சிசாலை இடம்மாறி, 1985இல் வண்டலூர்ப் பூங்காவாகத் திறந்தது. பழைய தோட்டத்து நிலத்தையோ அதற்கு முன்பிருந்தே ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மிச்சம். ஒரே சாலையின் இரு முனையிலும் தோட்டத்தை இழந்த பெயர்கள் நிற்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் சென்னீர்குப்பத்திலிருந்து ஆவடிப் பக்கம் போனால் பருத்திப்பட்டு. ஏரிக்கரையில் 2019இல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். நடைபாதை உண்டு, நீர்ப்பறவைகள் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரையும் பிரித்துக் காட்டலாம். பருத்தி செடிதான், பட்டு துணியன்று, செங்கழுநீர்ப்பட்டில் வரும் அதே ஊர்விகுதி.